கழன்று விழுந்ததா, தொலைந்து போனதா?



போன ஞாயிற்றுக்கிழமை செம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு போகிற வழியில் என் பைக்கின் வலது பக்க சைடு பேனல் எங்கேயோ விழுந்துவிட்டது. விழுந்ததே எனக்குத் தெரியாது. டீ குடிக்க நிறுத்தியபோது கடைக்காரர்தான், "என்ன சார், வண்டிக்கு ஒரு பக்கம் எலும்பு தெரியுது?" என்றார். வந்த வழியே திரும்பி, சாலையோரப் புதரெல்லாம் பார்த்துக்கொண்டே மூன்று கிலோமீட்டர் ஓட்டினேன். கிடைக்கவில்லை. வண்டி வாங்கி 11 மாதம்தான் ஆகிறது. வாரண்டி இருக்கிறதே என்ற தைரியத்தில் மறுநாள் ஷோரூமுக்குப் போனேன்.

"சார், உடைஞ்சிருந்தா உடைஞ்ச பீஸைக் கொண்டு வாங்க, பார்க்கலாம். தொலைஞ்சு போன பொருளுக்கு வாரண்டி கிடையாது" என்றார் அங்கிருந்த தம்பி. மரியாதையாகத்தான் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வாரண்டியில் ஒரு ஸ்பேரை மாற்றிக் கொடுத்தால், பழையதை கம்பெனிக்குக் காட்டித்தான் ஷோரூம்காரர் பணம் வாங்க முடியும். காட்டப் பழையது இல்லையென்றால் செலவு அவர் தலையில். அது மட்டுமல்ல, ராத்திரியில் நிறுத்திய வண்டியில் பேனலைக் கழற்றிக்கொண்டு போகிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். வந்து கேட்டவர்களுக்கெல்லாம் புதிது எடுத்துக் கொடுத்தால் கம்பெனிக்குக் கட்டுபடியாகாது. இதெல்லாம் நியாயம்தான்.

ஆனால் 'தொலைந்தது' என்ற அந்தச் சொல் சரியா? நான் ஒன்றும் பேனலைக் கழற்றி பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு வரவில்லை. ஓடுகிற வண்டியில் நிற்க வேண்டிய பொருள் நிற்காமல் போயிருக்கிறது. பேனலின் வேலையே நிற்பதுதான். நிற்கவில்லை என்றால் அதுதான் பழுது. பழுதின் விளைவையே காரணமாகக் காட்டி, பழுதைப் பார்க்கவே மாட்டேன் என்பது எந்த ஊர் நியாயம்? பின்னால் ஒரு பெண் குழந்தையோடு ஸ்கூட்டரில் வந்திருந்தால் அந்தப் பேனல் யார் மேல் போய் அடித்திருக்குமோ என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 1,140 ரூபாய் எனக்குப் பெரிய விஷயமில்லை, இதுதான் பெரிய விஷயம்.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். முப்பது வருஷம் உராய்வைப் பாடமாக நடத்தியவன், அது தன் வண்டியில் எப்படி வேலை செய்கிறது என்று அன்றைக்குத்தான் குனிந்து பார்க்கிறேன்! பேனலின் உள்பக்கம் விரல்நுனி போல மூன்று லாக் நீட்டிக்கொண்டிருக்கும். வண்டிச் சட்டத்தில் மூன்று துளை, ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் புஷ். லாக்கை அந்த ரப்பருக்குள் அழுத்தினால் ரப்பர் கவ்விப் பிடித்துக்கொள்ளும். என் வண்டியில் ஸ்குரூ எதுவும் கிடையாது. இடது பக்கம் மூன்று ரப்பரும் இருந்தன. வலது பக்கம் மேல் துளையில் ரப்பரே இல்லை. பின்துளை ரப்பர் நன்றாக இருந்தது. கீழ்த் துளை ரப்பருக்குள் ஒடிந்த லாக்கின் நுனி மாட்டிக்கொண்டிருந்தது.

எட்டு நாள் முன்புதான் சர்வீஸ் விட்டிருந்தேன். ஏர் ஃபில்டர் சுத்தம் செய்ததாக ஜாப் கார்டில் எழுதியிருக்கிறது. என் வண்டியில் அதற்கு வலது பேனலைக் கழற்றியாக வேண்டும். கழற்றும்போது மேல் ரப்பர் பேனலோடு சேர்ந்து வந்து கீழே விழுந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. மேலே பிடி இல்லாத பேனல் அதிர்ந்து அதிர்ந்து, பாரமெல்லாம் கீழ் லாக்கில் விழுந்து அது ஒடிந்திருக்கிறது. திருடன் கழற்றியிருந்தால் ஓடுகிற வண்டியில் நான் அதை எப்படி இழப்பேன்?

நான் தட்டியதே தவறான கதவு என்பது அப்போதுதான் உறைத்தது. வாரண்டி என்பது கம்பெனி செய்த பொருளில் உள்ள குறைக்கு. கழற்றிய பொருளைச் சரியாக மாட்டாமல் விட்டது சேவைக் குறைபாடு. அதற்கு சர்வீஸ் செய்தவர்தான் பொறுப்பு. அதில் வாரண்டிப் பேச்சே எடுக்க வேண்டியதில்லை, பழைய பேனலும் தேவையில்லை, ஜாப் கார்டு போதும்.

"இன்சூரன்ஸில் கேளுங்க மாமா" என்றான் மச்சினன் மகன். பாலிசியை எடுத்துப் படித்தேன். தானாக உடைந்ததற்குக் கிடையாது என்கிறது. கிடைக்கிற இடத்திலும் பிளாஸ்டிக் சாமான் என்றால் தேய்மானம் என்று பாதியைக் கழித்துவிடுவார்கள், மேலே 100 ரூபாய் நம் கைக்காசு, அடுத்த வருஷம் நோ கிளைம் போனஸும் போய்விடும். ஆக, உடைந்ததைத் தரமாட்டேன் என்கிறது இன்சூரன்ஸ், தொலைந்ததைத் தரமாட்டேன் என்கிறது வாரண்டி. நடுவில் என் பேனல் சாலையோரம் கிடக்கிறது.

பொருள் கையில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்தில் எடுபடாது என்று ஒரு நண்பர் சொன்னார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவில், ஆய்வகத்தில் சோதிக்காமல் குறையைக் கண்டறிய முடியாது என்றால் பொருளின் மாதிரியை அனுப்பச் சொல்லலாம் என்றுதான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஆய்வகம் வேண்டும் என்றில்லை. ரப்பர் இல்லாத துளையைப் பார்க்க எதற்கு ஆய்வகம்? 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 2 வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திடம் சொல்லிப் பார்க்கலாம். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே பிள்ளைகளே, பேனல் விழுந்துவிட்டால் புதிது மாட்டுவதற்கு முன் துளைகளைப் போட்டோ எடுத்துவிடுங்கள். புதிது மாட்டிய பிறகு சாட்சி போய்விடும். நான் நல்லவேளையாக எடுத்தேன். சர்வீஸ் முடிந்து வண்டியை வாங்கும்போது கொஞ்சம் வெட்கப்படாமல் இரண்டு பக்கமும் பேனலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை, அது என் தப்பு. நீங்களே கழற்றுவதாக இருந்தால் ஒரு மூலையைப் பிடித்து நெம்பாதீர்கள். ஒவ்வொரு லாக்குக்கும் நேராகக் கைவைத்து வெளிப்பக்கம் இழுங்கள். மாட்டும்போது ரப்பர் இறுக்கமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு போதும். எஞ்சின் ஆயில், பெட்ரோல் பட்டால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். வெயிலில் காய்ந்து கெட்டியான ரப்பரை மாற்றிவிடுங்கள், விலை அற்பம். ஸ்குரூ உள்ள பேனலாக இருந்தால் வாஷர் இல்லாமல் மாட்டாதீர்கள். கழலக் கூடாதென்று மரையில் பசை போடுகிறவர்கள் உண்டு. அது இரும்புக்குச் சரி, சில பிளாஸ்டிக்கை வெடிக்க வைத்துவிடும்.

இப்போதைக்குக் காசு கொடுத்துப் புதுப் பேனல் போட்டுக்கொண்டேன். பில்லின் மேல் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தம்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஜாப் கார்டு நகல், போட்டோ எல்லாம் சேர்த்து சர்வீஸ் மேலாளருக்கும் கம்பெனிக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இதன் கீழேயே போடுகிறேன்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது சாலையோரத்தில் கறுப்பு நிறப் பேனல் ஒன்றைக் கண்டால் எடுத்து வையுங்கள். கீழ் லாக் ஒடிந்திருக்கும், மேல் லாக் முழுசாக இருக்கும். அந்த ரப்பரும் அதில் மாட்டிக்கொண்டிருந்தால் எனக்கு உடனே போன் செய்யுங்கள். அப்படியென்றால் நான் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.