'மற்றும் குழுவினர்' என்று ஒரு கலைஞர் உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

குற்றாலத்தில் சாரல் பருவத்தையொட்டி அண்மையில் நடந்த திரையிசை நிகழ்ச்சி ஒன்றில், 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தின் 'சிங்கார வேலனே' பாடலை அறிவித்த தொகுப்பாளர், பாடிய எஸ்.ஜானகியையும், இசையமைத்த எஸ்.எம்.சுப்பையா நாயுடுவையும், திரையில் நாகஸ்வரத்தை வாயில் வைத்து நடித்த ஜெமினி கணேசனையும் பெயர் சொல்லிப் பாராட்டிவிட்டு, அந்த நாகஸ்வரத்தை உண்மையில் வாசித்த காருகுறிச்சி அருணாசலத்தை மட்டும் விட்டுவிட்டார். நடித்தவருக்குக் கைதட்டல் கிடைத்தது. ஜானகியின் குரலுக்கு ஈடுகொடுத்து ஆபேரி ராகத்தைப் பொழிந்தவருக்கு ஒரு சொல்கூட இல்லை. தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் செல்லும் எவரும் காருகுறிச்சி நிலையத்தைக் கடந்தே செல்ல வேண்டியிருக்க, இந்த மண்ணிலேயே இந்த மறதி நேர்ந்தது வெட்கக்கேடாகும்.

அன்று மேடையில் அப்பாடலை வாசித்த நாகஸ்வரக் கலைஞரின் நிலை இன்னும் மோசம். அழைப்பிதழில் அவர் 'மற்றும் குழுவினர்' என்ற சொற்களுக்குள் அடங்கிவிட்டார். அதே அழைப்பிதழில் முன்னிலை வகிப்போர், வாழ்த்துரை வழங்குவோர், நன்றியுரை கூறுவோர் ஆகியோரின் பெயர்கள் பட்டமும் பதவியும் ஒன்றுகூடக் குறையாமல் அச்சாகியிருந்தன. பிரமுகர்களை எதிர்கொண்டு அழைக்க வாசலில் மேளம் வேண்டும். மேளக்காரரின் பெயருக்குத்தான் தாளில் இடமில்லை போலும்.

காருகுறிச்சியார் முன்பே பெரும்புகழ் பெற்ற வித்துவான் என்பதால், தொகுப்பாளர்கள் மறந்தாலும் அவர் பெயர் நிலைக்கும். ஆனால் கால்ஷீட் கணக்கில், அதாவது ஒலிப்பதிவுக்கென ஒதுக்கப்பட்ட மணிநேரத்திற்கு இவ்வளவு ஊதியம் என்ற முறையில், ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு அழைக்கப்பட்டு, பல்லவிக்கு முன் வரும் முன்னிசையையும் சரணங்களுக்கு நடுவே வரும் இடையிசையையும் வாசித்துச் சென்ற வயலின், புல்லாங்குழல், தபேலா, கிதார் கலைஞர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எந்த இசைத்தட்டிலும் இல்லை. அவர்களுக்கெனச் சென்னையில் சங்கம் உருவாக இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் பாடுபட்டதால் ஊதியம் ஓரளவு முறைப்பட்டது, பெயர் முறைப்படவில்லை.

சட்டம் இதைவிட விந்தையானது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், நிகழ்த்துநர், அதாவது பாடியோ வாசித்தோ நடித்தோ கலையை நிகழ்த்துபவர், தம் பெயரால் அடையாளம் காட்டப்படும் உரிமையுடையவர் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, திரைப்படத்தில் ஒருவரது பங்களிப்பு தற்செயலானதாகவோ இடைவரவாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிப்பிடப்படுவதில்லை என்றால், படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை ஒன்று தவிர மற்றவற்றுக்கு அவர் நிகழ்த்துநராகவே கருதப்படமாட்டார் என்கிறது. பெயர் போடாத வழக்கமே பெயர் போடாமலிருப்பதற்குச் சான்றாகிறது! இந்த விதியை எழுதியவர்களின் பெயர்களும் 'மற்றும் குழுவினர்' என்றே பதிவாகட்டும்.

வாசித்தவர் ஊதியம் வாங்கிவிட்டாரே என்பது ஒரு வாதம். பாடகரும் நடிகரும் இலவசமாகவா வந்தனர்? இடமில்லை என்பது மற்றொன்று, ஏ.ஆர்.ரகுமானின் ஒலிநாடாக்களில் உள்ளங்கை அகல உறைத்தாளிலேயே வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் இடம்பெற்றன, இன்றைய கைப்பேசிச் செயலிகளிலோ இடத்துக்குப் பஞ்சமே இல்லை. வெளிநாடுகளிலும் இதுவே வழக்கம் என்போர், அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனம் தன் வெற்றிப் பாடல்கள் பலவற்றுக்கு வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் குழுவினரை ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்திருந்தும், 1971இல் மார்வின் கேயின் இசைத்தட்டு உறையில் அவர்களது பெயர்களை அச்சிட நேர்ந்ததை அறிந்திருக்க வேண்டும்.

அடுத்த சாரல் பருவத்திற்கு அழைப்பிதழ் அச்சிடுவோர் வாசிப்போரின் பெயர்களை வாத்தியத்துடன் தனித்தனியே வெளியிட வேண்டும். இடம் போதாதெனில் வாழ்த்துரை வழங்குவோரில் நால்வரைக் குறைத்துக்கொள்ளலாம், அவர்களின் உரையைக் கேட்க எவரும் அருவிக்கரையிலிருந்து எழுந்து வருவதில்லை.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர், தென்காசி