சைபர் செக்யூரிட்டி படிப்பு: ஹேக்கிங் டூல் தெரிஞ்சா மட்டும் போதுமா?

பொறியியல் கலந்தாய்வு தொடங்கிவிட்டால் பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது: "சைபர் செக்யூரிட்டி எடுக்கலாமா? வேலை கிடைக்குமா?"

கேள்வியில் தவறில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பக்கத்திலேயே சைபர் செக்யூரிட்டி என்ற தனிப் பிரிவு தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் வந்துவிட்டது. ஆனால், அதைவிட முக்கியமான இரண்டு கேள்விகளை யாரும் கேட்பதில்லை. அந்தப் பிரிவில் உண்மையில் எதைச் சொல்லித் தருகிறார்கள்? அதில் சேராத மற்ற கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கு இதை யார் சொல்லித் தருவது?

இரண்டாவது கேள்விதான் பெரியது. ஏனென்றால் நாளைக்கு வங்கி ஆப், மருத்துவமனை சாஃப்ட்வேர், அரசு இணையதளம் எல்லாவற்றுக்கும் கோடு எழுதப்போவது பெரும்பாலும் அவர்கள்தான்.

அடிப்படைன்னா என்ன?

கணினிப் பாதுகாப்பின் அடிப்படை நேற்று வந்த விஷயம் இல்லை. 1975-ல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை, பாதுகாப்பான அமைப்பை வடிவமைக்க எட்டு கொள்கைகளை முன்வைத்தது. இன்றைக்கும் பல்கலைக்கழகங்களில் அது பாடம்.

அதில் ஒன்று, வேலைக்குத் தேவையான அளவு அனுமதி மட்டுமே கொடுப்பது. அப்பார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் கேட் சாவி இருந்தால் போதும், எல்லா வீட்டுச் சாவியும் எதற்கு? இன்னொன்று, அனுமதி இருப்பது உறுதியானால் மட்டுமே கதவைத் திறப்பது. சந்தேகம் என்றால் மூடியே இருக்கட்டும்.

கேட்க ரொம்ப சாதாரணமாக இருக்கும். ஆனால் இந்தச் சாதாரண விஷயங்களில் கோட்டை விட்டதால் வந்த விபத்துகளின் பட்டியல் நீளம்.

பழைய தப்பு, புது விபத்து

1988 நவம்பரில், கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் வெளியிட்ட ஒரு புரோகிராம், அன்றைய இணையத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அது உள்ளே நுழையப் பயன்படுத்திய வழிகளில் ஒன்று: 512 பைட் மட்டுமே பிடிக்கும் இடத்தில் அதற்கு மேல் தகவலைத் திணிப்பது. வருவது எவ்வளவு என்று அந்தச் சேவை சரிபார்க்கவே இல்லை.

26 ஆண்டுகள் கழித்து, 2014-ல் 'ஹார்ட்ப்ளீட்'. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில், எதிர்முனை சொன்ன அளவை அப்படியே நம்பி நினைவகத்தில் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டது. பாஸ்வேர்டுகள் கசியும் ஆபத்து. இங்கேயும் விடுபட்டது அதே அளவுச் சரிபார்ப்புதான்.

'எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன்' கதையும் இதேதான். பெயர் கேட்கும் பெட்டியில் பெயருக்குப் பதிலாக டேட்டாபேஸுக்கான கட்டளையைப் போட்டுத் தகவலை எடுக்கும் தந்திரம். இது 1998-லேயே வெளிச்சத்துக்கு வந்தது. தடுக்கும் வழியும் பல ஆண்டுகளாகத் தெரியும்: பயனர் தரும் தகவலையும் கட்டளையையும் பிரித்து வைத்தால் போதும். இருந்தும் 2023-ல் 'மூவ்இட்' என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் இதே ஓட்டை வழியாக, உலகம் முழுக்கப் பல நூறு நிறுவனங்களின் தகவல்கள் திருடப்பட்டன.

25 வருடப் பழைய ஓட்டை! இதை 'அதிநவீனத் தாக்குதல்' என்று எப்படிச் சொல்வது?

கூடங்குளமும் எய்ம்ஸும்

நம்ம ஊர் உதாரணமும் உண்டு. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலைய வளாகத்தின் கணினி ஒன்றில் மால்வேர் இருந்ததை இந்திய அணுமின் கழகம் உறுதிசெய்தது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த கணினி. முக்கியமான உள் நெட்வொர்க் அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று விளக்கமும் தந்தது.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ். சர்வர்கள் முடங்கின. புறநோயாளிகள் பதிவு முதல் ரத்தப் பரிசோதனை முடிவு வரை எல்லாம் பேப்பருக்கு மாறின. வழக்கமான நிலை திரும்ப நாள்கணக்கில் ஆனது. நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது.

நெட்வொர்க்கைப் பிரித்து வைப்பது எந்த அடிப்படைப் பாடத்திலும் முதல் சில வாரங்களில் வரும் விஷயம். அது விடுபட்டதற்கான விலையைக் கொடுத்தது, சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற நோயாளிகள்.

டூல் வேண்டாமா?

வேண்டும். காளி லினக்ஸ், என்மேப், மெட்டாஸ்ப்ளாய்ட், பர்ப் ஸூட் எல்லாம் வேலைக்குத் தேவைதான். இன்டர்வியூவிலும் கேட்பார்கள். ஆனால் டூலை ஓட்டத் தெரிந்தவருக்கு அது காட்டும் ஓட்டை மட்டுமே தெரியும். ஏன் அந்த ஓட்டை வந்தது, எப்படி அடைப்பது என்று சொல்ல ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், நினைவகம் பற்றிய புரிதல் வேண்டும். டூல்கள் மாறும். இந்தப் புரிதல் அவ்வளவு சீக்கிரம் பழசாகாது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. "சும்மா டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன்" என்று அடுத்தவர் இணையதளத்தில் கைவைத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவில் இழப்பீடு கேட்கலாம். தீய நோக்கம் நிரூபணமானால் 66-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. டூலுக்கு முன்பே இந்தச் சட்டத்தைச் சொல்லித் தருவதும் அடிப்படைப் பாடம்தான்.

என்ன செய்யலாம்?

"இதெல்லாம் வேலைக்குப் போய்க் கத்துக்கலாமே?" என்பார்கள். வேலையில் முதலில் நிற்பது டெட்லைன். ஆப் ஓடினால் போதும் என்ற அவசரத்தில் பாதுகாப்பு அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போய்விடும். ஐடியில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஏஐ எழுதிக் கொடுக்கும் கோடைச் சரிபார்க்கவும் ஓட்டை எப்படியிருக்கும் என்று தெரிந்த கண் வேண்டும்.

எனவே பாதுகாப்பை ஒரு தனித் தாளாக ஒரு செமஸ்டரில் முடிக்காமல், ஒவ்வொரு தாளுக்குள்ளும் கொண்டுவருவதே சரியான வழி. டேட்டாபேஸ் லேபில் எஸ்க்யூஎல் கற்கும் அதே வாரத்தில் இன்ஜெக்‌ஷனையும் காட்டலாம். சி புரோகிராமிங்கில் அர்ரே நடத்தும்போதே எல்லை மீறினால் என்ன ஆகும் என்று செய்து பார்க்க வைக்கலாம். பாஸ்வேர்டை அப்படியே சேமித்து வைக்கும் இறுதியாண்டு புராஜெக்டுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கலாம். இதற்குப் புதிய கட்டடமோ புதிய பிரிவோ தேவையில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் நேரமும் கொடுத்தால் போதும்.

ஏற்கெனவே படித்து முடித்தவர்களுக்கும் வழி உண்டு. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் நடத்தும் பாதுகாப்பான கணினி அமைப்புகள் பற்றிய பாடம் என்பிடெல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வேண்டுமென்றே ஓட்டைகளோடு உருவாக்கப்பட்ட 'ஜூஸ் ஷாப்' போன்ற பயிற்சி ஆப்களைச் சொந்த லேப்டாப்பில் நிறுவி, சட்டச் சிக்கல் இல்லாமல் பழகலாம்.

2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அந்தத் தவறு எங்கோ ஒரு டெவலப்பர் எழுதிய ஒரு வரியில் தொடங்கலாம். அவருக்குக் கல்லூரியில் யாரும் அதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

எனவே அட்மிஷனுக்குப் போகும்போது பிளேஸ்மென்ட் கணக்கோடு இதையும் கேளுங்கள்: "சார், இங்கே டேட்டாபேஸ் லேபில் பாதுகாப்பு பற்றிச் சொல்லித் தருவீங்களா?" வரும் பதிலை வைத்தே அந்தக் கல்லூரியைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.