தலை மழுங்கிய திருகாணி

கிளேபாங் கடற்கரை மணலில் ரேடியோவால் இயக்கும் விளையாட்டுக் காரை ஆனந்தமாக ஓட்டித் திரும்பும் பிள்ளைகள், மறுநாள் அதைப் பிரிக்க முற்பட்டுத் திருகாணியின் தலையை மழுங்கடித்துவிட்டு, பழியை அந்த அற்ப இரும்பின்மீது சுமத்துவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. தாமியா முதலிய ஜப்பானிய விளையாட்டுக் கார்களின் சிலுவைத்தலைத் திருகாணிகள் ஜப்பானியத் தரத்திற்கு அமைந்தவை. 1930களில் அமெரிக்காவில் பிரசித்தி பெற்ற பிலிப்ஸ் வகைத் திருப்புளியோ, அவற்றின் குழியில் முழுதும் அமராமல் வழுக்கி, விளிம்பைச் சீவிவிடுகிறது. குழியில் மணலும் அடைந்திருந்தால் சொல்லவே வேண்டாம். மழுங்கிய பின்பும் உபாயம் உண்டு: அகலமான ரப்பர் வளையத்தைத் திருப்புளிக்கும் திருகாணிக்கும் இடையில் வைத்து அழுத்தித் திருப்பலாம்; உலோகத்தில் பசையிட்டு இறுக்கியதாயின், ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைத் தலையில் வைத்தால் பசை இளகும். (பிளாஸ்டிக்கின் பக்கம் அந்தச் சூட்டைக் கொண்டுபோகாதீர்கள்.) பெற்றோர்களே, அடுத்த காருக்கு முன்னர் ஒரு நல்ல ஜப்பானியத் திருப்புளியை வாங்கிக் கொடுங்கள்.