வேப்பூர் கூட்டுரோட்டில் போலி ஹெல்மெட்: சுற்றுவட்டாரப் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள்

வேப்பூர், நல்லூர், சேப்பாக்கம், கழுதூர், சிறுபாக்கம், அடரி பகுதிப் பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே,

போன வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கலைகிற நேரத்தில் சர்வீஸ் ரோட்டில் நடந்த விபத்து உங்கள் எல்லோருக்கும் தெரியும். அடிபட்ட தம்பியின் பெயரையோ ஊரையோ இங்கே எழுதப்போவதில்லை. அவர் வீட்டார் இன்னும் மருத்துவமனை வாசலில்தான் கிடக்கிறார்கள். ஆனால் அன்று சாயங்காலமே கூட்டுரோட்டு டீக்கடைகளில் ஒரு பேச்சு கிளம்பியது. "ஹெல்மெட் போட்டுத்தானே போனான், என்ன ஆச்சு? அப்புறம் எதுக்கு அந்தச் சனியனைத் தலையில சுமக்கணும்?" இந்தப் பேச்சு ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் கூட்டுரோட்டில் கடை வைத்திருப்பவர்களும், மினி லாரி ஓட்டுபவர்களும், மெக்கானிக்குகளும், சந்தை வியாபாரிகளும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

அந்தத் தம்பி தலையில் போட்டிருந்தது ஹெல்மெட்டே இல்லை.

விபத்து நடந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி அது கிடந்தது. எடுத்துப் பார்த்தோம். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகிற பிளாஸ்டிக் ஓடு. உள்ளே கறுப்புத் துணி, துணிக்குள் தோசைக் கனத்துக்கு ஒரு ஸ்பாஞ்சு. ஸ்பாஞ்சைப் பிரித்தால் வெறும் ஓடு. இருக்க வேண்டிய தெர்மாகோல் இல்லவே இல்லை. தாடைப்பட்டையை ஓட்டோடு பிடித்திருந்த ரிவெட் பிய்ந்து பட்டை தனியாகத் தொங்கியது. பின்பக்கம் ஐஎஸ்ஐ என்று ஒரு ஸ்டிக்கர். நகத்தால் கீறியதும் முழுசாக உரிந்து கையோடு வந்துவிட்டது. அதில் உரிம எண் என்று எதுவும் இல்லை. தலை தரையில் மோதுவதற்கு முன்பே அது கழன்று ஓடிவிட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பட்டை பிய்ந்து கிடந்த விதத்தைப் பார்த்தால் அதுதான் நடந்திருக்கும் என்று எங்களுக்கும் தெரிந்தது.

இந்த மாதிரிச் சரக்கு நம் கூட்டுரோட்டில் எங்கே கிடைக்கும் என்று யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. கயிறு கட்டி, வரிசையாகத் தொங்கவிட்டு, இருநூறு என்று சொல்லி, பேரம் பேசினால் நூற்றைம்பதுக்கு இறங்கி, வெட்டவெளிச்சத்தில் விற்கிறார்கள். ரசீது கிடையாது, கடைப் பெயர் கிடையாது. தணிக்கை நடக்கிற நாளில் விற்பனை இரட்டிப்பாகிறது. நெடுஞ்சாலையில் நூறு மீட்டர் முன்னால் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்ததும் நம் ஆட்கள் அவசரமாக ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு போகிறார்கள். தாண்டியதும் அது பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்துகொள்கிறது. இதைத் தினமும் எங்கள் கடை வாசலிலிருந்து பார்க்கிறோம். நேருக்கு நேர் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும்: நாம் அபராதத்துக்குப் பயந்து வாங்குகிறோம், அதனால் அபராதத்தைத் தடுக்கிற பொருளை மட்டுமே நமக்கு விற்கிறார்கள்.

சட்டத்தில் ஓட்டை இருப்பதால் இது நடக்கவில்லை. இரு சக்கர வாகன ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 4151 என்ற இந்தியத் தர அளவு இருக்கிறது. மத்திய அரசு 2020 நவம்பரில் ஆணை போட்டு, 2021 ஜூன் 1 முதல் அதற்கான ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம் என்று ஆக்கிவிட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டம் 2016-இன்படி, முதல் முறை பிடிபட்டாலே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். கயிற்றில் தொங்கும் ஒவ்வொரு போலி ஹெல்மெட்டுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். வண்டியை நிறுத்துகிறவர்கள் தலையில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். இருப்பது என்ன என்று யாரும் பார்ப்பதில்லை. ஹெல்மெட் இல்லாதவனுக்கு 1,000 ரூபாய் அபராதம் போடுகிறவர்கள், நூறு மீட்டர் தள்ளிப் போலியை விற்கிறவனை ஏன் ஒரு வார்த்தை கேட்பதில்லை? இந்தக் கேள்வியை மாவட்ட நிர்வாகத்திடம் மனுவாகவே கொடுக்கப் போகிறோம்.

"எல்லாம் தலைவிதிப்படிதான் நடக்கும்" என்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அந்த ஓர் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் இரு சக்கர வண்டியில் போனவர்கள் மட்டும் 74,897 பேர். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர், அதாவது நாளொன்றுக்கு 137 பேர். அதே ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். ஒரு நாளைக்கு 49 பிணம். அதில் நம் சாலையின் பங்கும் இருக்கிறது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் விருத்தாசலம்–சேலம் சாலையும் வெட்டிக்கொள்கிற இடத்தில் குடியிருக்கிறோம். 2023 ஜனவரி 3 விடியற்காலையில் இந்த நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே கார் நசுங்கி ஐந்து பேர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். இரும்புக் கூடு சுற்றியிருந்தவர்களுக்கே அந்த கதி. டிவிஎஸ் எக்ஸ்எல்லில் காலடியில் இரண்டு ஆட்டைக் கிடத்திக்கொண்டு, வெறுந்தலையோடு அதே சாலையைக் குறுக்கே கடக்கிறோமே, நமக்கு?

அந்த 50,029 பேரில் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள் அல்ல, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். நான்கில் ஒருவருக்கும் மேல். நம் ஊரில் பின்னால் உட்காருவது யார்? பெரும்பாலும் அம்மா, மனைவி, தங்கை. ஒருபக்கமாகக் கால் போட்டு, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, ஒரு கையில் பையையும் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். பிடிமானம் குறைந்தவர்களும் முதலில் தூக்கியெறியப்படுகிறவர்களும் அவர்கள்தான். ஓட்டுகிற ஆண் ஹெல்மெட் போட்டிருப்பார், பின்னால் இருக்கிறவர்களுக்கு முந்தானைதான் தலைக்கவசம். 2015 ஜூலை 1 முதல் ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் இருவருமே போட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு அமலுக்கு வந்தது. அந்த ஜூன் கடைசியில் ஹெல்மெட் கடைகளில் வரிசை நின்றது. பத்தாண்டு தாண்டியும் பின்னிருக்கைக்கு அந்த உத்தரவு வந்து சேரவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு இப்போது நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்கிறது. ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கும் ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது. டேங்க் மேல் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஏறுகிற தகப்பன்மார்கள் இதைத் தயவுசெய்து இரண்டு முறை படிக்க வேண்டும்.

சரி, நல்ல ஹெல்மெட் என்ன செய்கிறது? நம் பகுதிக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். விருத்தாசலம் பீங்கான் பொம்மையை வெளியூர் அனுப்புகிறவர்கள் பெட்டிக்குள் வைக்கோல் திணிக்காமல் லாரியில் ஏற்றுவதில்லை. பெட்டி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், அதிர்வை வாங்கிக்கொள்ள உள்ளே எதுவும் இல்லையென்றால் பொம்மை பெட்டியிலேயே மோதி உடையும். ஹெல்மெட்டின் வெளி ஓடு அந்தப் பெட்டி. உள்ளே ஏறக்குறைய இரண்டு விரல் கனத்துக்கு இருக்கிற கெட்டித் தெர்மாகோல்தான் வைக்கோல். மோதும்போது தெர்மாகோல் நசுங்குகிறது. அது நசுங்கி முடிகிற அந்த நொடியின் சிறு பகுதியில் தலை கொஞ்சம் மெதுவாக நிற்கிறது, மூளை மண்டையோட்டில் அறைபடும் வேகம் குறைகிறது. தெர்மாகோல் இல்லாத ஹெல்மெட் வெறும் காலிப் பெட்டி. அதனால்தான் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது: வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே நசுங்கியிருக்கும்.

உலகமெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஹெல்மெட் சாவை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம்மைவிடவும் மோட்டார் சைக்கிளை நம்பி வாழ்கிற நாடு வியட்நாம். 2007 டிசம்பர் 15 அன்று அங்கே எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயமானது. முதல் மூன்று மாதத்திலேயே, கணக்கெடுத்த மருத்துவமனைகளில் சாலை விபத்துத் தலைக்காயம் 16 சதவீதமும் சாவு 18 சதவீதமும் குறைந்தன. அங்கேயும் வெயில்தான், அங்கேயும் வியர்வைதான்.

வாங்கப் போகிறவர்கள் இவற்றைப் பாருங்கள். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 4151 என்றும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணைச் செல்போனில் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால், எந்தக் கம்பெனிக்கு எந்தப் பொருளுக்கு உரிமம், அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். பெயர் பொருந்தவில்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்தது அளவு. தையற்கடை டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே சுற்றித் தலையை அளந்துகொள்ளுங்கள். 58 சென்டிமீட்டர் என்றால் 580 என்று போட்டிருக்கும் அளவு. புதிதில் கன்னத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும், நெற்றியில் வலிக்கக்கூடாது. பட்டையை மாட்டிக்கொண்டு, பின்னாலிருந்து முன்பக்கமாகத் தூக்கிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் தலைக்கானது இல்லை. அண்ணன் ஹெல்மெட்டைத் தம்பி போடுவது இதனால்தான் ஆகாது. உச்சந்தலையை மட்டும் மூடுகிற தொப்பி மாடலைத் தவிருங்கள். முகத்தை மூடுகிற ஃபுல் ஃபேஸ்தான் தாடையையும் காப்பாற்றும். வாங்கிய பிறகு பெட்ரோலைத் தொட்டுத் துடைக்காதீர்கள், தெர்மாகோலைக் கரைத்துவிடும். புது வண்டி எடுக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: வண்டியோடு ஐஎஸ்ஐ ஹெல்மெட் தரவேண்டும் என்று மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது. அது இனாம் இல்லை, உங்கள் உரிமை. கேட்டு வாங்குங்கள், வாங்கியதிலும் எண்ணைப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பட்டை. உண்மையான ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பட்டையைத் தொங்கவிட்டுப் போகிறவர்கள் நூறு பேரை இதே கூட்டுரோட்டில் காட்ட முடியும். பட்டை மாட்டாத ஹெல்மெட் முதல் குலுக்கலிலேயே பறந்துவிடும். ஆயிரம் ரூபாய் கொடுத்தது வீண்.

"ஆயிரம் ரூபாய்க்கு எங்கே போவது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. கூலிக்குப் போகிறவருக்கு அது இரண்டு, மூன்று நாள் சம்பளம். ஆனால் தலைக்காயம் பட்டவரை வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கியது. அதனால் பல உயிர் பிழைத்திருக்கிறது, அரசுக்கு நன்றி. ஆனால் தலைக்காயம் 48 மணி நேரத்தில் தீர்கிற நோய் இல்லை. பேச்சு குழறி, ஒரு கை விழுந்து, பெற்ற பிள்ளை பெயரை மறந்து ஆண்டுக்கணக்கில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். சந்தையில் ஒரு கிடாயை விலை பேசும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், முதுகைத் தடவிப் பார்க்கிறோம், தூக்கி எடை பார்க்கிறோம். நம் பிள்ளையின் தலைக்கு வாங்குவதை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்ப்பதில்லை.

விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. மக்காச்சோளத்தைத் தார்ச்சாலையில் காயப்போட்டு, காற்றுக்குப் பறக்காமலிருக்கக் கல்லை வரிசையாக வைத்துவிட்டு இரவில் அப்படியே விட்டுப் போகிறோம். இருட்டில் வருகிற பைக் அதில் ஏறினால் வழுக்கி விழத்தான் செய்யும். களம் போதவில்லை என்பது எங்களுக்கும் தெரியும். நாங்களும் விவசாயக் குடும்பம்தான். ஆனால் அந்தக் கல்லில் மோதப்போவது நம் பக்கத்து ஊர்ப் பிள்ளையின் தலை.

தீபாவளிச் சந்தைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. கோடிக்கணக்கான ரூபாய்க்கு ஆடு கைமாறும். பத்து மடங்கு கூட்டம் வரும், பத்து மடங்கு போலி ஹெல்மெட்டும் வந்து இறங்கும். இந்த முறை அதற்கு இடம் கொடுக்கப் போவதில்லை. கூட்டுரோட்டில் எங்கள் கடை வாசலிலோ, கம்பத்திலோ, வேலியிலோ முத்திரையில்லாத ஹெல்மெட்டைத் தொங்கவிட அனுமதிக்க மாட்டோம். நாள் வாடகைக்கு ஆசைப்பட்டு வாசலை விடுகிற கடைக்காரர் எங்களில் ஒருவராக இருந்தாலும், அவர் பெயரோடுதான் தர நிர்ணய அமைவனத்துக்குப் புகார் போகும். விற்க வருகிறவர்களும் பிழைக்க வந்தவர்கள்தான், நல்ல சரக்கை ரசீதோடு விற்கட்டும், முதல் ஆளாக நாங்களே வாங்குகிறோம்.

உங்களிடம் கேட்பது இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை சந்தைக்கு வரும்போது வீட்டிலிருக்கிற ஹெல்மெட்டை எடுத்து வாருங்கள். கூட்டுரோட்டில் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். உரிம எண்ணைப் பார்த்துச் சொல்கிறோம், தலையை அளந்து தருகிறோம், பட்டையை எப்படி மாட்டுவது என்று காட்டுகிறோம். காசு எதுவும் இல்லை. போலி என்று தெரிந்தால் அதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்காதீர்கள். எங்களிடமே விட்டுச் செல்லுங்கள், அங்கேயே சம்மட்டியால் அடித்து உடைக்கிறோம். பின்னால் உட்கார்ந்து வருகிற அம்மாவையும் மனைவியையும் கூட்டி வாருங்கள், முதலில் அவர்கள் தலையைத்தான் அளப்போம்.

இப்படிக்கு,
வேப்பூர் கூட்டுரோடு வியாபாரிகள், ஓட்டுநர்கள், மெக்கானிக்குகள் மற்றும் பொதுமக்கள்