தடை படத்துக்கா, பேய்க்கா?

கென்யா நாட்டில் வனூரி காஹியு என்னும் அம்மையார் 2018-ல் "ரஃபீக்கி" என்றொரு சினிமாப் படம் எடுத்தார். ஸ்வாஹிலி மொழியில் அதற்குத் தோழர் என்பது பொருள். நைரோபி நகரில், தேர்தலில் எதிரெதிராய் நிற்கும் இரு தகப்பன்மாரின் இளம் பெண்களாகிய கேனாவும் சிக்கியும் ஒருவர்மீதொருவர் காதல் கொள்வதே கதை. விஷயம் வெளியானதும் ஊரார் கூடி அடிக்கின்றார்கள். கேனாவின் தாயாரோ மகளைப் பாதிரியாரிடம் இழுத்துப்போய்ப் பேயோட்டச் சொல்லுகின்றார்.

கேன்ஸ் பட விழாவுக்குத் தேர்வான முதல் கென்யப் படம் இதுவே. ஆயினும் அந்நாட்டுத் தணிக்கையார், பெண்ணுக்குப் பெண் காதலைப் பரப்புகின்றதென்று தடை போட்டார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் ஐகோர்ட்டு 7 நாள் தடையை நிறுத்தி வைத்தபோது கொட்டகைகள் நிறைந்தன. 2020-லோ தடை செல்லுமென்றே ஐகோர்ட்டு தீர்ப்பளித்தது.

நாம் ஒன்று கேட்கின்றோம். படம் பார்த்துத்தான் இக்காதல் உண்டாகுமென்றால், ஆண் பெண் காதலையே காட்டும் படங்களைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு இது எங்கிருந்து வந்தது? பேயினால் வந்ததென்றால் படத்தைத் தடுப்பானேன்? பேயையல்லவா தடை செய்யவேண்டும்!

கலாசாரத்துக்கு விரோதமென்பார்கள். அவர்கள் காட்டும் சட்டமோ வெள்ளையன் எழுதி வைத்துப்போனது. அவன் நமக்கு எழுதிய 377-வது பிரிவு, வயது வந்தோர் மனமொப்பிய உறவுக்குச் செல்லாதென்று நமது சுப்ரீம் கோர்ட்டு சொன்னதும் அதே 2018 செப்டம்பரில்தான்.

சட்டம் போயிற்று; பெண்ணைப் பூசாரியிடம் இழுத்தோடும் புத்தி போயிற்றா? தோழர்களே! உங்கள் மகள் மனந்திறந்து சொன்னால் அடிக்கப் போகின்றீர்களா, காதுகொடுத்துக் கேட்கப் போகின்றீர்களா?