பித்தவெடிப்புக்கு மூட்டை யூரியா பூசலாமா?

கேள்வி: நடவு, களையெடுப்பு என்று சேற்றிலேயே நிற்பதால் இரண்டு குதிகாலிலும் பித்தவெடிப்பு. மருந்துக்கடையில் கொடுத்த களிம்பில் ‘யூரியா’ என்று போட்டிருக்கிறது. வீட்டில்தான் மூட்டையாக யூரியா இருக்கிறதே, அதையே தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினால் என்ன?
- வாசகி, திருவாரூர் மாவட்டம்.

பதில்: பூச வேண்டாம் சகோதரி. களிம்பில் இருப்பதும் மூட்டையில் இருப்பதும் ஒரே யூரியாதான். ஆனால், மூட்டையில் இருப்பது பயிருக்காகத் தயாரித்தது. அதில் பையூரெட் என்ற கலப்பு கொஞ்சம் இருக்கும். மேலே வேப்பெண்ணெய் பூச்சும் உண்டு. யூரியா தண்ணீரில் கரையுமே தவிர எண்ணெயில் கரையாது. குழைத்தாலும் குருணை குருணையாக நின்று, வெடிப்புக்குள் போய் எரியும். எல்லாவற்றையும் விட முக்கியம், அளவு. 1 சதவிகிதக் கரைசல் தெளித்தால் பயிர் பச்சை பிடிக்கிறது. அளவு மிஞ்சினால் இலை கருகுகிறது. தோலும் அப்படித்தான்.

முதலில் வெடிப்பு ஏன் வருகிறது என்று பார்ப்போம். உள்ளங்கால் தோலில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. அதன் ஈரத்தைப் பிடித்து வைப்பது தோலிலேயே இருக்கும் சில பொருள்கள். யூரியாவும் அவற்றில் ஒன்று. நாள் முழுக்கச் சேற்றில் நின்றால் இவை கரைந்து போகின்றன. கரையேறியதும் தோல் காய்ந்து இறுகுகிறது. அதன்மேல் உடல் எடை அழுத்தும்போது, தண்ணீர் வற்றிய வண்டல் வயல் பாளம் விடுவதுபோல வெடிக்கிறது.

இதற்கான மருந்துகள் மூன்று வேலைகளைச் செய்கின்றன.

ஈரம் பிடிப்பவை: கிளிசரின், 10 சதவிகித யூரியா களிம்பு. வயலில் தொழுவுரம் செய்யும் வேலை இது.

தடித்த தோலை இளக்குபவை: 20 முதல் 40 சதவிகிதம் வரையுள்ள யூரியா களிம்பு, சாலிசிலிக் அமிலக் களிம்பு. இவை காய்ந்து இறுகிய மேல்தோலைத் தளர்த்தி உதிர வைக்கும். இரத்தம் கசியும் வெடிப்பிலும் புண்ணிலும் இவற்றைப் போடக் கூடாது.

ஈரத்தை மூடிக் காப்பவை: பெட்ரோலியம் ஜெல்லி, தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய். இவை மூடாக்கு மாதிரி. காய்ந்த நிலத்தில் மூடாக்கு போட்டு என்ன பயன்? ‘எண்ணெய் தேய்த்தும் கேட்கவில்லை’ என்று பலர் சொல்வதற்குக் காரணம், காய்ந்த காலில் தேய்ப்பதுதான்.

செய்முறை: இரவில் வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் காலை வையுங்கள். படிகக்கல்லால் லேசாகத் தேய்த்து, ஒற்றித் துடையுங்கள். ஈரம் முழுதாகக் காய்வதற்குள் யூரியா களிம்பு, அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லி, பிறகு பருத்திக் காலுறை. சில வாரங்கள் விடாமல் செய்தால் தோல் இளகும். பிளேடால் சீவுவதும், எருக்கம்பால் விடுவதும் வேண்டாம். எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கிவிடும். விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண் வேறு. அங்கே ஈரம்தான் பகை. இந்தக் களிம்புகளை அங்கே பூசாமல், இடுக்கை உலர்வாக வைத்திருங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மேலே சொன்ன எதையும் தாங்களாகச் செய்யக் கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு பட்டதும் தோல் கிழிந்ததும் தெரியாது. மருத்துவரிடம் காட்டிவிட்டே களிம்பு போட வேண்டும்.

கடைசியாக ஒன்று. வெடித்த காலோடு வயலில் இறங்குவதை வலி சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் நினைக்காதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி வெடிப்பு வழியாக உடம்புக்குள் போகும். வெடிப்பு ஆறும்வரை முடிந்தால் ரப்பர் பூட்ஸ் போடுங்கள். கரையேறியதும் சோப்புப் போட்டுக் கால் கழுவுங்கள். வயல் வேலைக்குப் பிறகு சில நாட்களிலோ, ஓரிரு வாரங்களிலோ காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தாலோ, கண் சிவந்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே போங்கள். ‘சேற்றில் வேலை செய்கிறேன், காலில் வெடிப்பு இருக்கிறது’ என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.