முயல் பாலில் வந்த மருந்து
பொம்பே நோய் என்றாலே எல்லோரும் மருந்தின் விலையைத்தான் பேசுகிறார்கள்; எனக்கென்னவோ அந்த முயல்களின் ஞாபகம்தான் வருகிறது. இந்த நோயில், ஒரே ஒரு நொதி இல்லாததால் கிளைகோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு சேர்ந்து சேர்ந்து பிஞ்சு இதயத்தின் தசை தடித்துப் போகிறது. பால் குடிக்கையில் நெற்றி வியர்க்கும், மூச்சு வாங்கும், தூக்கினால் தலை துவண்டு விழும். ‘சூட்டு உடம்பு’ என்று நாம் விட்டுவிடுவோம். சிகிச்சை இல்லையென்றால் பெரும்பாலான குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. 1999இல் ரோட்டர்டாமில் குழந்தைகள் நால்வருக்கு அந்த நொதியை ஏற்றிப் பார்த்தார்கள். மரபணு மாற்றிய முயல்களின் பாலிலிருந்து பிரித்தெடுத்தது! தடித்த இதயம் மெல்ல இளைத்தது. முயலை எப்படித்தான் கறந்தார்களோ! பிறகு ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களே அந்த வேலையை எடுத்துக்கொண்டன. 2006இல் அனுமதியும் வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க ஏற்ற வேண்டும். இந்தச் செலவுக்கு மத்திய அரசு தருவது 50 லட்சம் ரூபாய் வரை. குழந்தையின் எடை கூடக் கூட மருந்தின் அளவும் கூடுமே, அந்தக் கணக்கை யார் போட்டார்கள்?